எந்தக் கைக்கு ரோபோ உதவும்? பக்கவாத நோயாளிகளைக் குறித்து ஒரு விளக்கம்





சென்ற அறுப்பின் பண்டிகைக்குப் பின், நமது மருத்துவமனை ஊழியத்தை நெடுங்காலமாகத் தாங்கிவரும் ஒரு சேகரத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கவாதம் வந்த ஒருவரின் கையைப் பிடித்து ரோபோ ஒன்று பயிற்சி கொடுப்பதை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். பண்டிகை ஏலத்தில் கிடைத்த தொகையை இதற்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும், குறைகிற பணத்துக்கு அக்கம்பக்கத்துச் சபைகளையும் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். "நம்முடைய ஆஸ்பத்திரிக்கு இப்படிப்பட்ட இயந்திரம் வேண்டாமா?" என்பதே அவர்கள் கேள்வி.

அந்தக் கடிதத்துக்கு உடனே நன்றி எழுதினோம். கேள்விக்குப் பதில் எழுதத்தான் பல வாரங்கள் ஆயின. எங்கள் மருத்துவர்களிடமும், பிசியோதெரபி பகுதியில் பணிபுரியும் சகோதரிகளிடமும் பலமுறை உட்கார்ந்து கேட்டோம். வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளை அவர்கள் பொறுமையாக எங்களுக்கு விளக்கினார்கள். குருத்துவக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்த எங்களுக்கு நரம்புகளின் பாடம் புதிது. ஆகையால் இதை எழுதி முடித்தபின் மருத்துவர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியிருக்கிறோம்.

முதலில், பக்கவாதம் வந்தவுடன் கை ஏன் விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கையை அசைக்கும்படியான கட்டளை மூளையின் மேற்பரப்பில் பிறக்கிறது. அங்கிருந்து இலட்சக்கணக்கான நரம்பு இழைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து கீழே இறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடத்தின் வழியாகக் கைக்கு வழி காட்டுகின்றன. இதனால்தான் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வலது கை விழுகிறது. இந்த இழைகள் மூளையின் உட்புறத்தில் ஓரிடத்தில் மிகவும் நெருங்கி, குறுகிய சந்து வழியாய்ப் போவதுபோல் போகின்றன. அந்தச் சந்தில் ஒரு மொச்சைப்பயறு அளவுக்குச் சேதம் உண்டானாலும் முழுக் கையும் செயலற்றுப் போகலாம். வேறோரிடத்தில் அதைவிடப் பெரிய சேதம் உண்டாகியும் கை தப்பிவிடலாம். ஸ்கேன் படத்தைப் பார்த்து, "சின்ன அடைப்புதானே" என்று உறவினர் ஆறுதல் சொல்லிக்கொள்வது பலமுறை பொய்த்துப் போவதற்கு இதுவே காரணம்.

நம் கிராமத்துச் சபையாருக்கு நாங்கள் இப்படிச் சொல்லுவதுண்டு. குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வயலும் கெடாமல் இருக்கிறது. நடுவில் இருக்கும் வாய்க்காலைப் பற்றியதே கேள்வி. வாய்க்கால் தூர்ந்துதான் போயிருக்கிறது என்றால், மண்வெட்டி எடுத்துத் தினந்தோறும் வேலை செய்தால் தண்ணீர் வயலை எட்டும். கரையே இல்லாமல் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தால், எத்தனை முறை மடையைத் திறந்தாலும் வயல் நனையாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு வயலும் ஒன்றுபோலவே காய்ந்து கிடக்கும்.

ரோபோ என்ன செய்கிறது?

கைப்பயிற்சி ரோபோக்களில் முன்னோடியானது அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்று அழைக்கப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், எர்மானோ கிரெப்ஸ் என்னும் பொறியியலாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் உருவாக்கிய 'எம்.ஐ.டி. மானஸ்' என்னும் கருவி. ரோபோ என்றதும் மனித உருவத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். அது மேஜையோடு சேர்ந்த ஒரு நீண்ட இரும்புக் கரம். நோயாளி நாற்காலியில் உட்காருகிறார். அவருடைய முன்கையை ஒரு தொட்டில் போன்ற தாங்கியில் வைத்துப் பட்டையால் கட்டுகிறார்கள். எதிரே திரையில் நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் சில புள்ளிகளும் தெரிகின்றன. எந்தப் புள்ளி ஒளிர்கிறதோ அதை நோக்கி நோயாளி தன் கையைக் கொண்டுபோக வேண்டும். அவர் தானாகக் கொண்டுபோனால் இயந்திரம் தலையிடுவதில்லை. பாதியில் நின்றாலோ வழி தவறினாலோ, மீதித் தூரத்துக்கு மெதுவாக இழுத்துச் செல்லுகிறது.

இதில் எங்கள் மனதைத் தொட்ட ஒரு காரியம் உண்டு. இயந்திரம் முதலில் காத்திருக்கிறது. நோயாளி முயற்சி எடுக்க அது இடம் கொடுக்கிறது. மாற்கு சுவிசேஷம் 3-ம் அதிகாரத்தில் சூம்பின கையையுடைய மனுஷனிடம், அவனால் எது முடியாதோ அதையே செய்யும்படி ஆண்டவர் சொன்னார் அல்லவா? பிசியோதெரபி சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நாங்க தினமும் அதைத்தான் சொல்றோம், நோயாளிங்க எங்களைத் திட்டுறாங்க" என்றார்.

இயந்திரத்தின் பெரிய பலம் அதன் சலியாமை. வட அமெரிக்காவில் வழக்கமான பயிற்சி நேரங்களை உடனிருந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கையைப் பயன்படுத்தும் அசைவுகள் ஒரு வேளைக்குச் சராசரியாக 32 முறையே நடந்தன என்று கண்டார்கள். ரோபோவில் ஒரே வேளையில் ஆயிரம் அசைவுகள் வரை செய்யலாம். நரம்பு வழி திரும்பத் திரும்பப் பழகினால்தான் தேறும் என்பதால், இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றியது. 1997-இல் வெளியான முதல் ஆய்வு 20 நோயாளிகளை மட்டும் கொண்டது. அதன் முடிவு நம்பிக்கை ஊட்டியது.

எதிர்பார்த்ததும் கண்டதும்

பின்பு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் முன்னாள் போர்வீரருக்கான மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதங்களாவது கடந்துபோன 127 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ரோபோ பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு ரோபோ செய்யும் அளவுக்கே கடினமான பயிற்சியை மனிதர்களே கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. 12 வாரங்களில் 36 வேளைப் பயிற்சி முடிந்தபோது ரோபோ பகுதியினருக்கும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கும் இடையே நிச்சயமாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 36 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ரோபோ பகுதியினர் 66 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 3 மதிப்பெண் முன்னே இருந்தார்கள். மனிதர் கொடுத்த கடினப் பயிற்சிக்கும் ரோபோவுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

பிரிட்டனில் நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. நான்கு மையங்களில் 770 பேரைச் சேர்த்து, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், 12 வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. தங்கள் கையைக் கொண்டு பொருட்களைப் பிடித்து எடுத்து வைப்பதில் வெற்றி என்று சொல்லத்தக்க முன்னேற்றம் அடைந்தவர்கள் ரோபோ பகுதியில் நூற்றுக்கு 44 பேர், மனிதர் கொடுத்த கூடுதல் பயிற்சியில் 50 பேர், வழக்கமான கவனிப்பில் 42 பேர். இந்த வேறுபாடுகள் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே கணக்கு வல்லுநரின் தீர்ப்பு. ஆனாலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூட்டுகளைத் தனித்தனியே அசைக்கும் திறனை அளந்தபோது ரோபோ பகுதியினர் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுத் தேறியிருந்தார்கள். அந்தத் தேர்ச்சி அன்றாட வேலைக்கு வந்து சேரவில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் ஊர்ச் சந்தைப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. அவருடைய மக்கள் பாசத்தோடு பெரிய நகரத்துக்கு அழைத்துப்போய், பணம் பார்க்காமல் ரோபோ பயிற்சி கொடுத்து அழைத்து வந்தார்கள். அவர் கடையில் எங்களை நிறுத்திக் காண்பித்தார். முன்பு மடியில் கிடந்த கை இப்பொழுது தோளளவு எழும்பி, அலமாரியில் இருந்த டப்பாவின்மேல் போய்ப் பட்டது. அங்கேயே நின்றது. விரல்கள் விரியவில்லை. "கை எட்டுது ஐயா. எடுக்கத்தான் மாட்டேங்குது" என்றார். மருத்துவ இதழின் பல பக்கங்களில் இருந்ததை அண்ணாச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அப்படியானால் ரோபோவால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வதும் சரியல்ல. 45 ஆய்வுகளில் பங்குபெற்ற 1,619 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, இயந்திரப் பயிற்சியால் கையின் செயலும் பலமும் அன்றாடக் காரியங்களும் ஓரளவு மேம்படுகின்றன என்றே கூறுகிறது. 770 பேரின் சராசரி என்பது, நன்றாகத் தேறினவரையும் ஒன்றுமே மாறாதவரையும் ஒரே சாக்கில் கட்டி நிறுத்துப் பார்ப்பதுபோல. ஆகையால் இன்று ஆராய்ச்சியாளர் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. ரோபோ நல்லதா என்று கேட்பதை விட்டு, யாருடைய கைக்கு நல்லது, அதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று கேட்கிறார்கள்.

மூன்றாம் நாளின் சோதனை

இந்தக் கேள்விக்கு மிகவும் பயனுள்ள விடையின் ஒரு பகுதி மிக எளிய சோதனையிலிருந்து வந்தது. பக்கவாதம் வந்து மூன்று நாட்களுக்குள் நோயாளியிடம் இரண்டு காரியங்களை மட்டும் கேட்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் தோளிலிருந்து தூக்க முடிகிறதா? மடங்கின விரல்களை நீட்ட முடிகிறதா? நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நாட்களுக்குள் இவ்விரண்டும் ஓரளவாவது முடிந்தவர்கள் ஆறு மாதத்தில் கையால் ஏதாவது நுண்ணிய வேலை செய்யும் வாய்ப்பு நூற்றுக்கு 98 என்று கண்டார்கள். இரண்டுமே முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பு 25. ஒன்பதாம் நாளிலும் முடியாமலே இருந்தால் 14.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கேத்தி ஸ்டினியர் என்னும் பேராசிரியை இதை இன்னும் ஒழுங்குபடுத்தினார். அவருடைய குழு 2017-இல் வெளியிட்ட முறைக்கு 'பிரெப்-2' என்று பெயர். தோளுக்கு 5, விரலுக்கு 5 என்று மொத்தம் 10 மதிப்பெண். மூன்றாம் நாளில் 5 அல்லது அதற்கு மேல் பெற்று, வயது எண்பதுக்குக் குறைவாக இருந்தால், மூன்று மாதத்தில் கை ஏறக்குறைய முழுமையாகத் தேறும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குக் குறைந்தால், தலையின்மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளைக்கு ஒரு சிறு துடிப்பை அனுப்புகிறார்கள். கையிலே தசை துடித்தால், வாய்க்காலில் எங்கோ நீரோட்டம் மீந்திருக்கிறது என்று அர்த்தம். அசைவே தெரியாத கையிலும் இந்தத் துடிப்பு வருவதுண்டு. வராவிட்டால், பக்கவாதத்தின் கடுமையைப் பார்த்து, கொஞ்சம் தேறுமா அதுவும் அரிதா என்று கணிக்கிறார்கள். காந்தச் சோதனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே தேவைப்படுகிறது. இந்த முறையில் நாலு பேரில் மூன்று பேருக்குக் கணிப்பு சரியாக அமைந்தது. தங்கள் நோயாளி எந்த வகுப்பில் இருக்கிறார் என்று பயிற்சியாளருக்கு முன்னமே தெரிவித்தபோது, நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் காலம் ஒரு வாரம் அளவுக்குக் குறைந்தது என்றும், அதனால் அவர்கள் தேறுவதில் குறைவு ஏற்படவில்லை என்றும் அதே குழு கண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கை எவ்வளவு தேறும் என்பதை முன்னறிவது ஒன்று, ரோபோவால் எவ்வளவு கூடுதலாகத் தேறும் என்பதை முன்னறிவது வேறொன்று. எப்படியும் தேறப்போகிற கைக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. சாதாரணப் பயிற்சியும் வீட்டு வேலையுமே போதும். வழி முற்றும் அறுந்த கைக்கு இயந்திரத்தை மாதக்கணக்கில் கட்டினாலும் அன்றாட வேலைக்கு வரும் பலன் மிகச் சொற்பம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களே, அதாவது வழி மெலிந்து போயும் அறுந்து போகாதவர்களே, ஏராளமான பயிற்சியால் பயனடைய அதிக வாய்ப்புள்ளவர்கள் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ரோபோ ஆய்வுகள் பலவற்றிலும் தொடக்கத்தில் கையில் மீந்திருந்த அசைவே முதல் சாட்சியாக நிற்கிறது. கையில் உணர்ச்சி இருக்கிறதா, தோளில் வலி உண்டா, தசைகள் இறுகிவிட்டனவா, நோயாளி தன் விழுந்த பக்கத்தைக் கவனிக்கிறாரா, மனம் சோர்ந்திருக்கிறாரா என்பவற்றையும் எங்கள் சகோதரிகள் பார்க்கிறார்கள். ஆனால் இந்த நோயாளிக்கு ரோபோ நிச்சயம் உதவும் என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லும் அளவுகோல் இன்றுவரை உலகில் எங்கும் நிலைநாட்டப்படவில்லை.

நாங்கள் செய்த ஒரு தவறு

முன்னறிவிப்பு என்பது மருத்துவருடைய காரியம், குருவானவருக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை இருந்தார். பிள்ளைகளுக்கு வசன அட்டைகளை முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுப்பவர். வலது கை விழுந்துவிட்டது. மூன்றாம் வாரத்தில் அவருக்காக ஜெபித்தபின் நாங்கள், "அம்மா, கவலைப்படாதிருங்கள். கிறிஸ்துமஸ் அட்டைகளை இந்தக் கையாலேயே எழுதப்போகிறீர்கள்" என்றோம். அதை மருத்துவரைக் கேட்டுச் சொல்லவில்லை. அவர் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சொன்னோம்.

கிறிஸ்துமஸ் வந்தது. கை வரவில்லை. அதற்கடுத்த மாதங்களில் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனபோது, "ஐயா, நான் இன்னும் எவ்வளவு விசுவாசிக்கணும்?" என்று கேட்டார். எங்களால் பதில் பேச முடியவில்லை. அவருடைய மகள் பின்பு எங்களைத் தனியே அழைத்து, தன் விசுவாசம் குறைவுபட்டதால்தான் கை வரவில்லை என்று அம்மா இரவில் அழுவதாகச் சொன்னார். கர்த்தர் சொல்லாத ஒன்றை அவர் பேரில் நாங்கள் சொல்லி, அதன் பாரத்தை ஒரு வியாதிப்பட்ட சகோதரியின் தலையில் வைத்துவிட்டோம்.

பழைய குறிப்பேட்டைப் பிசியோதெரபி பகுதியில் எடுத்துப் பார்த்தபோது, முதல் வாரத்தில் தோளும் விரலும் சற்றும் அசையவில்லை என்று எழுதியிருந்தது. அதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்பவும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் பிறகே அவர் இடது கையால் எழுதப் பழகவும், ஒரு கையாலே சேலை உடுத்தவும், விழுந்த தோளில் வலி வராதபடி கையைத் தாங்கி வைக்கவும் மனம் வைத்தார். ஒரு வருடத்தை நாங்கள் வீணாக்கினோம். இன்று அவர் மறுபடியும் வகுப்பு எடுக்கிறார். இடது கை எழுத்து சற்றுச் சாய்ந்து போகிறது. இதை எழுத அனுமதி கேட்டபோது, "எழுதுங்க ஐயா. ஆனா கை வந்துட்டதுன்னு மட்டும் சாட்சி எழுதிராதீங்க" என்றார்.

இப்பொழுது நாங்கள் வார்டுக்குள் போகுமுன் குறிப்பேட்டைக் கேட்கிறோம். தேறும் வாய்ப்பு அதிகம் என்றால் அப்படியே சொல்லி உற்சாகப்படுத்துகிறோம். குறைவு என்றால், இப்படிப்பட்ட நிலையில் நாலு பேரில் ஒருவர் ஓரளவு தேறுகிறார் என்று மருத்துவர் சொல்லும்போது உடனிருக்கிறோம். அந்த ஒருவர் இவராக இருக்கும்படி ஜெபிக்கிறோம், மற்ற மூவரில் இவர் இருந்தாலும் இந்த வீட்டில் அவர் எப்படி வாழ்வார் என்பதையும் அன்றே பேசுகிறோம். குடும்பத்தார் சிலர் கோபப்படுகிறார்கள். "ஐயா நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று ஒரு மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் நியாயமான கோபமே.

உங்கள் காணிக்கையைக் குறித்து

இனி, சேகரத்தார் கேட்ட கேள்விக்கு வருகிறோம். மருத்துவமனைக் குழு கூடி நெடுநேரம் பேசியது. இயந்திரம் வேண்டாம், அதற்குப் பதில் நோயாளியின் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மிஷனரி மருத்துவர் ஈடித் பிரவுன் 1894-இல் ஆரம்பித்த லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அந்த ஆய்வில் முக்கிய பங்கெடுத்தார்கள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்த பகுதியிலும் கொடாத பகுதியிலும் ஆறு மாதத்துக்குப் பின் மரித்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 47 பேராகவே இருந்தார்கள். குடும்பத்தார் அன்போடு செய்வது வேறு, பயிற்சி பெற்றவர் அதே நோயாளியோடு பலமணி நேரம் செய்வது வேறு என்று இதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டோம். மலிவானது என்பதனாலேயே ஒரு வழி நல்ல வழியாகிவிடாது.

ஆகவே குழு எடுத்த முடிவு இது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பெரிய ரோபோவை இப்பொழுது வாங்குவதில்லை. அதன் விலை பல இலட்ச ரூபாய், பழுது பார்க்க ஆள் வர வேண்டும், இயக்க ஒரு பயிற்சியாளர் கூட இருக்கவும் வேண்டும். அந்தப் பயிற்சியாளரே இன்று நம்மிடம் போதிய அளவில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 'புளூட்டோ' என்னும் ஒரு சிறிய கை ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடிகளை மாற்றி மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பழக்கலாம். 1954-இல் விபத்தில் கால்கள் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த அதே வேலூரில் இது பிறந்திருப்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நடுநிலையில் இருக்கும் நோயாளிகள் யார் என்பதை நாம் சரியாகக் கண்டறியப் பழகியபின், இதுபோன்ற சிறிய கருவியைக் குறித்துக் குழு மறுபடியும் யோசிக்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. பக்கவாதத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்றாம் நாளில் தோள், விரல் சோதனையைச் செய்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், நர்சுகளுக்குப் பயிற்சி போதும். அது ஆரம்பமாகிவிட்டது. அடுத்தது, கைப்பயிற்சிக்கென்றே ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை நியமிக்க வேண்டும். மூன்றாவது, தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் நடுநிலை நோயாளிகளும் துணைக்கு வருகிறவர்களும் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெற அறைவாடகையும் சாப்பாடும் வேண்டும். இவர்களில் அநேகர் தேறக்கூடிய கையோடு வந்து, கூலி போய்விடும் என்று நாலாம் நாளே ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். எங்களை மிகவும் வருத்துவது இதுதான். கை வருமா வராதா என்று சொல்லத் தெரிந்தும், வரக்கூடிய கையைப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் சேகரத்தாருக்கு எழுதினோம். சபைக் குழுவில் சிலருக்கு ஏமாற்றந்தான். "இயந்திரம் என்றால் பெயர் எழுதிய பலகை வைக்கலாம் ஐயா, சம்பளத்தில் எங்கே பலகை வைப்பது?" என்று அவர்கள் போதகர் வேடிக்கையாய் எழுதியிருந்தார். ஆனாலும் எடுத்து வைத்த தொகையை அப்படியே தெரபிஸ்ட் சம்பளத்துக்கும் தங்கும் செலவுக்கும் மாற்றித் தந்திருக்கிறார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

அண்ணாச்சியின் விரல்களுக்கும் இப்போது வாரம் மூன்று நாள் பயிற்சி நடக்கிறது. பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டதால் மருத்துவர் அதிகம் சொல்லவில்லை. பெருவிரல் மட்டும் சற்று விலகுகிறது. மெலிந்த பாக்கெட்டை இரு விரல்களுக்கிடையே பிடித்துக் காட்டினார், இரண்டாம் முறை விழுந்துவிட்டது.

ஜெபத்திற்கு: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணிக்கு ஓர் இளம் சகோதரி வர இசைந்திருக்கிறார். அவருக்கு மருத்துவமனைக்கு அருகில் தங்க வீடு கிடைக்கும்படி ஜெபியுங்கள். மூன்றாம் நாள் சோதனையை இரவு நேரத்திலும் தவறாமல் செய்துவரும் நர்சுகளுக்காக ஜெபியுங்கள். தங்கும் செலவுக்கு உதவ விரும்புவோர் காணிக்கைச் சீட்டில் 'பக்கவாத நோயாளிகள் தங்கும் நிதி' என்று குறிப்பிட்டு அனுப்பலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்